முயலின் காதும் அப்பாவின் தலைச்சுற்றலும்

ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பா, ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் சுவரோடு சாய்ந்து சரிந்துவிட்டார். "ஒண்ணுமில்லப்பா, கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். பித்தம் என்றார் அம்மா. படுக்கவைத்து பிரஷர் பார்த்தார்கள், கொஞ்சம் கூடுதல்தான். நிற்கவைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பின் நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1851-இல் பாரிஸில் கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர், முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது குளிர்ந்துபோகும் என்பது அவர் கணக்கு. நடந்ததோ நேர்மாறு, காது சிவந்து சூடேறிற்று. மறுவருடம் பிரௌன்-செக்கார் அறுந்த நரம்பின் மேல்முனையில் மின்சாரம் பாய்ச்ச, காது வெளுத்துக் குளிர்ந்தது. ஆக, இரத்தக் குழாய் வெறும் ரப்பர் டியூப் அல்ல. அதை ஓயாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது ஒரு நரம்பு!

எவ்வளவு இறுக்குவது என்று அதற்கு யார் சொல்வது? கழுத்துத் தமனியின் சுவரிலேயே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டென்று 1920-களில் ஜெர்மனியின் ஹெரிங் காட்டினார். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கீழே இறங்கிவிடும். உடனே அங்கிருந்து மூளைக்குச் சேதி போக, குழாய்கள் இறுகும். நரம்பு முனையிலிருந்து குழாய்க்குக் கட்டளை கொண்டுபோகும் பொருள் நாரட்ரினலின் என்று 1946-இல் கண்டவர் ஸ்வீடனின் வான் ஆய்லர். 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

அதே ஸ்வீடனில், உப்சாலா நகரில், ஹாக்பார்த்தும் வால்போவும் 1960-களில் மெல்லிய ஊசியை நரம்புக்குள் செருகி அதன் துடிப்பைப் பதிவு செய்தார்கள். முதலில் தங்கள் நரம்பிலேயே! அந்த முறையால் பின்னர் தெரிந்ததுதான் எனக்கு வியப்பு. வயதானால் நரம்பு ஓய்ந்துபோகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. தசைக் குழாய்களுக்குப் போகும் பரிவு நரம்பு வயது ஏற ஏற அதிகமாகவே துடிக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அந்த ஏற்றம் இன்னும் வேகம். குறைவது குழாயின் கேட்கும் குணம். அதே நாரட்ரினலினுக்கு முதிய குழாய் முன்போல் இறுகுவதில்லை. கழுத்துத் தமனியும் விறைத்துவிடுவதால் சேதியே மங்கலாகப் போகிறது. படுத்திருக்கையில் கூடுதல் பிரஷர், எழுந்ததும் சரிவு என இரண்டும் ஒரே ஆளுக்கு வருவது இதனால்தான்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. பிறகு வேறொரு டாக்டர் அப்பாவை நிற்கவைத்துப் பார்த்தார். 150 இருந்தது 122-க்கு வந்தது. இரவு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது அப்பா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடக்கிறார்.