கரையில் காத்திருக்கும் நேரம்



நாம் புயல் என்று சொல்வதைக் கரீபியன் தீவுகளில் ஹரிக்கேன் என்கிறார்கள். அத்தீவுகளின் பழங்குடிகளான தைனோ மக்களிடமிருந்து வந்த சொல் அது. ஜூன் தொடங்கி நவம்பர் முடிய அங்கே புயல் காலம். எச்சரிக்கை கிடைத்ததும் படகுக்காரர் பாய்களை அவிழ்த்து இறக்குகிறார். அலையாத்திக் காடு சூழ்ந்த ஓடைக்குள் படகைக் கொண்டுபோய் மரங்களோடு கட்டுகிறார். கயிறு உரசி அறுந்துபோகாமல் பழந்துணி சுற்றுகிறார். இருக்கிற நங்கூரங்களையெல்லாம் போடுகிறார். அதன்பின் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கரையேறிக் காத்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்பு கொடிய வேதனை என்று நாம் நினைக்கலாம். ஆனால் அது ஒரு கொடை என்கிறது வரலாறு. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படிக் காத்திருக்கப் பெரும்பாலும் நேரமே கிடைத்ததில்லை. காற்று தலைக்கு மேல் வந்தபிறகுதான் அது எத்தகைய காற்று என்று தெரியும்.

அந்த நேரத்தைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஓர் அருள்பணியாளர். கத்தலோனியாவில் பிறந்த இயேசு சபைத் துறவி பெனித்தோ வின்யேஸ், 1870-இல் கியூபாவின் ஹவானா நகருக்கு வந்து, பெலேன் கல்லூரியின் வானிலை ஆய்வுக்கூடத்தை ஏற்றார். காற்றழுத்தமானியை நாள்தோறும் பார்த்துக் குறித்தார். உயரத்தில் இறகுபோல் விரியும் மெல்லிய மேகங்கள் அடிவானத்தில் எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன, அந்த இடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்தார். புயலின் நடு எங்கே, அது எங்கே போகிறது என்பதை அதிலிருந்து கணித்தார். 1875 செப்டம்பர் 11-ஆம் நாள் அவருடைய எச்சரிக்கை ஹவானா செய்தித்தாள்களில் வெளிவந்தது. அவர் சொன்னபடியே புயல் வந்தது. 1893-இல் இறக்கும்வரை அவர் இப்பணியை விடவில்லை.

எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதுமா? அதற்குச் செவிகொடுக்கவும் வேண்டும். 1898 போருக்குப்பின் கியூபா அமெரிக்க ஆட்சியின்கீழ் வந்தது. கியூபாவின் கணிப்பாளர்களை மதிக்காத அமெரிக்க வானிலைத் துறை, அவர்களுடைய புயல் செய்திகள் தந்தியில் போகாதபடி 1900-இல் தடுத்தது. அந்தச் செப்டம்பரில் ஒரு புயல் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து டெக்சாஸ் பக்கம் போகும் என்று ஹவானாவில் கணித்தார்கள். அது புளோரிடா பக்கம் திரும்பும் என்றது வாஷிங்டன். செப்டம்பர் 8-ஆம் நாள் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரைக் கடல் மூடியது. இறந்தவர்கள் 6,000-க்கும் குறையாது. இறுமாப்பு எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்துவிட்டது!

பழைய நம்பிக்கையும் நம்மை ஏமாற்றும். கிரெனடா தீவு புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது என்று எண்ணிப் பலர் தங்கள் படகுகளை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் புயல் காலத்தில் தெற்கே போகச் சொல்லின. 1955-இல் ஜேனட் புயல் அத்தீவைச் சிதைத்ததை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 2004 செப்டம்பர் 7-ஆம் நாள் ஐவன் வந்தது. கரையில் தூக்கி நிறுத்தியிருந்த படகுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. 39 பேர் இறந்தார்கள். படகை இழந்த பலர் அடுத்த நாள் காலை அதே கரையில் உயிரோடு நின்றார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

படகு என்பது வெறும் மரமும் இரும்பும் அன்று. கடனும் உழைப்பும் பிள்ளைகளின் சோறும் அதில் இருக்கின்றன. அதைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறுவது எளிதன்று. ‘இன்னும் ஒரு கயிறு போட்டுவிட்டு வருகிறேன்’ என்று மனம் இழுக்கும். நம் துறைமுகத்தில் அடுத்தமுறை எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது, வின்யேஸ் போன்றவர்கள் இரவும் பகலும் வானத்தைப் பார்த்துச் சேர்த்துத் தந்த நேரம் அது என்பதை நினைவில் கொள்வோம். கட்டவேண்டியதைக் கட்டுவோம். பிறகு கையை எடுத்துவிட்டு, அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு கரையேறுவோம்.