தராசு புகாத அடுக்களை: உழக்கிலிருந்து பாவு வரை

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திருவிளக்குக்கான கால்நடைக் கணக்கு மாறாத ஒழுங்குடன் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு விளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. இம்மூன்றில் எதைப் பெற்றுக்கொண்டாலும் இடையர் நாள்தோறும் அளக்க வேண்டியது ஒன்றே: உழக்கு நெய். இரண்டு ஆடு ஒரு பசுவுக்கும், மூன்று பசு ஓர் எருமைக்கும் நிகர் என்ற சமன்பாட்டை எந்தத் தராசும் நிறுவவில்லை. ஒரு சிறு குவளை நெய் நிறுவியது.

நெய், எண்ணெய், பால், தயிர் ஆகியவற்றை நிறுக்காமல் கலத்தால் அளக்கும் இம்மரபு கோயில் மடைப்பள்ளியோடு நின்றதன்று. பெங்களூரின் ஜீவனஹள்ளி போன்ற, தமிழர் தலைமுறைகளாக வாழும் பகுதிகளின் அடுக்களைகளில் வழங்கும் ‘பாவு’ வரை அது நீள்கிறது. அவ்வுழக்குக்கும் இப்பாவுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் அளவுகளின் பெயர்களும் கொள்ளளவுகளும் பலமுறை மாறின. அவற்றுக்கு இடையேயான விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பழைய அளவுகளை நேராக மில்லிலிட்டருக்கு மாற்றிவிடும் வழக்கம் இன்று ஆய்வேடுகளிலும் பரவியுள்ளது. அது ஏன் சிக்கலானது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தமிழ் முகத்தலளவை அடிப்படையில் ஓர் இரட்டிப்பு ஏணி. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. நாழிக்கு மேலே 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. அதற்கும் மேலே 3 தூணி ஒரு கலம் என்னும் இடத்தில்தான் இரட்டிப்பு முறிகிறது. கீழே 5 செவிடு ஓர் ஆழாக்கு என்னும் இடத்தில் மீண்டும் முறிகிறது. இடைப்பட்ட படிகள் அனைத்தும் பாதியாக்கலால் ஆனவை. இதன் நடைமுறைப் பயன் வெளிப்படையானது. நிறைந்த நாழியை ஒத்த இரு கலங்களில் சமமாகப் பிரித்தால் உரி. மீண்டும் பிரித்தால் உழக்கு. படிக்கல்லோ தராசோ வேண்டியதில்லை. நீர்மம் தன் மட்டத்தைத் தானே காட்டுவதால் இரு கலங்களை அருகருகே வைத்துக் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

நெல்லை அளப்பதில் இந்த நேர்மை இல்லை. தலைதட்டி அளப்பதா, கூம்பக் குவித்து அளப்பதா என்ற வழக்கு அளப்பவருக்கும் கொள்பவருக்கும் இடையே ஓயாதது. எண்ணெயைக் குவிக்க முடியாது. நாழியை ஆழ்கடலில் எவ்வளவு அமுக்கினாலும் அது நான்கு நாழி நீரை முகவாது என்று மூதுரை ஊழுக்கு உவமை கூறும்போது, நீர்மத்தை அளப்பதன் இந்த இயல்பைத்தான் பற்றுகிறது. நெல்லைக் கொண்டு அவ்வுவமையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுதி வந்திராது.

நிறுக்கத் தெரியாததால் முகந்தனர் என்று கருதுவதற்கும் இடமில்லை. அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண பாண்டியனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கோயில் நிவேதனத்துக்காக 290 காசு முதலிட்டு ஆண்டுக்கு 580 கலம் நெல் வட்டியாகப் பெறும் ஏற்பாட்டைப் பதிவுசெய்கிறது. அத்தகைய நிவேதனப் பட்டியல்களில் அரிசியும் நெய்யும் தயிரும் முகத்தலளவையில் வருகின்றன. சர்க்கரையும் கறிக்கான காயும் பலக் கணக்கில், அதாவது எடையில், வருகின்றன. வெட்டி நறுக்குவதற்குத் தராசு, ஊற்றுவதற்குக் கலம் என்ற பாகுபாடு தெரிந்தே செய்யப்பட்டது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் அளத்தலை ஏழு வகையாகப் பகுத்தபோது நிறுத்தளத்தலிலிருந்து பெய்தளத்தலையும், தேங்க முகந்தளத்தலையும் தனித்தனியே பிரித்தனர். பால்காரர் நீண்ட கைப்பிடி கொண்ட அளவையைப் பாத்திரத்துள் அமிழ்த்தி எடுப்பதும், எண்ணெய்க் கடைக்காரர் குவளையில் ஊற்றிக் காட்டுவதும் ஒரே செயல் அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொல்காப்பியம் இதில் இன்னும் நுட்பமான ஒரு சான்றைத் தருகிறது. ஓர் அளவுப்பெயருக்குப் பின் அதற்குள் அடங்கும் சிற்றளவு வந்தால் இடையில் ‘ஏ’ என்னும் சாரியை தோன்றும் என்பது பொதுவிதி. ‘நாழியே ஆழாக்கு’, ‘உழக்கே ஆழாக்கு’ என்பன உரைகள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஆனால் நாழிக்குப் பின் உரி வரும்போது மட்டும் உயிர்மயங்கியல் தனிவிதி வகுக்கிறது. நாழியின் இறுதி இகரம் தான் ஊர்ந்த ழகர மெய்யோடு கெட்டு, அங்கே டகரம் வந்து, ‘நாடுரி’ என்றாகிறது. ஒன்றரை நாழி என்பதே பொருள்.

இலக்கண நூல் ஓர் அளவுச் சேர்க்கைக்கு மட்டும் தனி நூற்பா ஒதுக்கக் காரணம் என்ன? மொழியியல் நோக்கில் விடை கடினமன்று. அடிக்கடி வழங்கும் தொடர்களே இவ்வாறு உருத் தேய்ந்து ஒரு சொல்லாக இறுகும். ‘நாழியே உரி’ என்று நிறுத்திச் சொல்ல நேரமில்லாத அளவுக்கு ஒன்றரை நாழி அன்றாட வாழ்வில் புழங்கியிருக்க வேண்டும். ஓர் ஆள் உண்பது நாழி என்பது புறநானூற்றின் 189ஆம் பாட்டிலேயே மரபுத்தொடர் போல வந்துவிடுகிறது. அதற்கடுத்த இயல்பான அளவு நாடுரிதான். சந்தை இரைச்சலில் தேய்ந்த ஒரு சொல்லை இலக்கணம் இங்கே பிடித்துவைத்திருக்கிறது எனலாம்.

இனி, மில்லிலிட்டர்ச் சிக்கல். ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336 மி.லி., உரி 672 மி.லி., நாழி அல்லது படி 1.344 லிட்டர் என்றொரு அட்டவணை பரவலாகப் பகிரப்படுகிறது. இது அண்மைக் காலத்துப் படி ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. இதனைச் சோழர் கல்வெட்டின் உழக்கு நெய்க்குப் பொருத்தி, ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3.5 மி.லி. நெய் என்று வகுத்துக் காட்டும்போது தசமப் புள்ளியின் தோற்றம் ஒரு பொய்யான துல்லியத்தை உண்டாக்குகிறது.

கணக்கதிகாரத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 360 நெல் ஒரு செவிடு. எனவே ஆழாக்குக்கு 1,800 நெல், நாழிக்கு 14,400 நெல். ஆயிரம் நெல்மணிகளின் எடை வகையைப் பொறுத்து ஏறத்தாழ 18 முதல் 27 கிராம் வரை இருக்கும். ஆக 14,400 நெல் 260 முதல் 390 கிராம். தளர்வாகக் கொட்டிய நெல் லிட்டருக்கு 550 முதல் 600 கிராம் நிற்கும் என்பதால், அந்நாழியின் கொள்ளளவு முக்கால் லிட்டரைத் தாண்டாது. அதே மரபு படிக்கு 12,800 மிளகு என்றும் கூறுகிறது. மிளகைக் கொண்டு கணக்கிட்டால் விடை ஒரு லிட்டரை நெருங்கிவிடுகிறது. இரண்டுமே 1.344 அல்ல, ஒன்றுக்கொன்றும் ஒவ்வவில்லை. நெல்லின் வகை, மிளகின் பருமன், காய்ந்த பதம் என எதுவும் இதற்குக் காரணமாகலாம். நூலின் நோக்கமும் கொள்ளளவை நிலைநாட்டுவதன்று. ஒரு விகித ஏணியை மனத்தில் பதிப்பதே அதன் வேலை.

கல்வெட்டுகளை எழுதியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். அதனால்தான் வெறுமனே ‘உழக்கு’ என்று எழுதி நிறுத்தாமல், எந்த அளவையால் என்பதையும் பொறித்தனர். தஞ்சைக் கோயிலில் ஆடவல்லான் என்னும் மரக்கால், அது ராஜகேசரியோடு ஒக்கும் என்ற குறிப்புடன் வருகிறது. அருமொழிதேவன் என்ற மரக்காலும் உண்டு. பல்லவர் காலத்தில் ‘பிழையா நாழி’ என்றே ஓர் அளவைக்குப் பெயர். பிழையாதது என்று பெயரிட வேண்டியிருந்தது என்றால், பிழைத்த நாழிகள் எத்தனை சுற்றிவந்தன என்பதை ஊகிக்கலாம். மன்னன் பெயரும் இறைவன் பெயரும் அளவைக்குச் சூட்டப்பட்டது பக்தியால் மட்டுமன்று. இன்றைய முத்திரைச் சட்டத்தின் வேலையை அப்பெயர் செய்தது. அளவையின் பெயரை விட்டுவிட்டு அலகை மட்டும் மொழிபெயர்க்கும் ஆய்வு, கல்வெட்டு மிகக் கவனமாகச் சொன்ன ஒன்றை அழித்துவிடுகிறது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குழப்பமன்று. இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒயினுக்கு 231 கன அங்குல காலனும் ஏலுக்கு 282 கன அங்குல காலனும் அருகருகே வழங்கின. அமெரிக்கா பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டது. ஆகவே இன்றும் அமெரிக்க பைன்ட் 473 மி.லி., பிரித்தானிய பைன்ட் 568 மி.லி. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அந்த ஏணியும் கப், பைன்ட், குவார்ட் என்று இரட்டிப்பாகவே ஏறுகிறது.

விகிதத்தால் சமைப்பவருக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. சித்த மருத்துவத்தில் கசாயத்தை எட்டில் ஒன்றாகக் குறுக்கச் சொல்வது வழக்கம். நாழி நீர் ஊற்றி ஆழாக்காகும்வரை காய்ச்சினால் அது கணக்காக எட்டில் ஒன்று. நாழி அரை லிட்டராயினும் ஒன்றேகால் லிட்டராயினும் குறுக்கம் ஒன்றே. ஒரு பங்கு அரிசிக்கு இரு பங்கு நீர் என்பதும், அரிசிக்கு மேல் நீர் ஒரு விரற்கணு உயரம் நிற்க வேண்டும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தபோது அடுக்களையின் மொழி இன்னும் ஆழாக்கும் பலமுமாகவே இருந்தது.

ஜீவனஹள்ளியின் மொழிச் சூழல் இவ்வரலாற்றில் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே தொம்மலூர்க் கோயிலில் போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அதே காலத்துக் கன்னடக் கல்வெட்டுகளில் செக்குக்கு இவ்வளவு என்று விளக்கெண்ணெய் தண்டும்போது ‘சொல்லகெ’ என்ற அளவு வருகிறது. தமிழில் உழக்கு செய்த வேலையைக் கன்னடத்தில் அது செய்தது. 1809இல் தொடங்கிய பெங்களூர்க் கன்டோன்மென்ட்டை ஒட்டித் தமிழர் பெருமளவில் குடியேறினர். சென்னை மாகாணத்திலிருந்து படியும் ஆழாக்கும் அவர்களோடு வந்தன. ஆழாக்கை ஆங்கில ஆவணங்கள் ‘ஒல்லக்’ என்று எழுதின. அச்சொல்லின் ஒலி உழக்கை நினைவூட்டுகிறது. 8 ஒல்லக் ஒரு படி என்ற அளவோ ஆழாக்கைக் காட்டுகிறது.

மைசூர் நாட்டில் வழங்கியது சேர். சேர் எடைக்கும் பெயர், கொள்ளளவுக்கும் பெயர். 24 ரூபாய் எடை கொண்ட கச்சா சேர் ஒருபுறம். தானியமும் எண்ணெயும் அளக்கும் சேர் மறுபுறம். அச்சேரில் நான்கில் ஒன்று பாவு, பதினாறில் ஒன்று சடாக்கு. இங்கும் பாதியும் கால்பாதியும்தான்.

‘பாவு’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வடமொழிப் ‘பாத’த்திலிருந்து வந்த ‘பாவ்’ அது. பாதம் நாற்கால் விலங்கின் நான்கில் ஒரு பகுதியாதலால் நான்கில் ஒன்றைக் குறித்தது. தமிழ்க் ‘கால்’ அதே வழியில் அதே பொருளை அடைந்தது. ஆகவே ஜீவனஹள்ளித் தமிழர் ஒருவர் ‘பாவு எண்ணெய்’ என்னும்போதும், வேலூரில் உள்ள அவருடைய உறவினர் ‘கால்படி எண்ணெய்’ என்னும்போதும் இருவரும் இருவேறு மொழிக்குடும்பங்களின் வழியே ஒரே உருவகத்தைச் சொல்கின்றனர். கொள்ளளவு மட்டும் வேறு.

இதற்குள் தமிழகத்தில் உழக்கும் உரியும் பின்வாங்கி, அவற்றின் இடத்தைக் கால்படி, அரைப்படி, அரைக்கால்படி ஆகியவை பிடித்திருந்தன. தனிப்பெயர்கள் போய்ப் பின்னப்பெயர்கள் வந்தன. எடைகளும் அளவுகளும் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம், 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கி, வணிகத்திலிருந்து படியையும் சேரையும் படிப்படியாக வெளியேற்றியது. வீட்டிலிருந்து வெளியேற்றவில்லை. பித்தளைப் பாவு முத்திரையை இழந்து, அரிசிப் பானைக்குள் கிடக்கும் குவளையாயிற்று. அதே குவளையால் நீரும் ஊற்றப்படுவதால் அதன் கொள்ளளவு எத்தனை மி.லி. என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடைச்சரக்கில் கேட்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் வெப்பத்தில் விரியும்: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகையில் ஏறத்தாழ 919 கிராம், 60 பாகையில் ஏறத்தாழ 893 கிராம். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு ஒரு லிட்டர் என்று அச்சிட்டு, குறைந்த எடையை அடைத்து வந்தன. 2022 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் அதனோடு எடையையும் அச்சிடுமாறு அறிவுறுத்தி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. ஜீவனஹள்ளி மளிகைக் கடைகளின் எண்ணெய்ப் பைகளில் இன்று ‘1 லிட்டர்’ என்பதை அடுத்து ‘910 கிராம்’ என்பது போன்ற ஓர் எண்ணும் இருப்பது அதனால்தான். ஆடவல்லானை அடுத்து ‘ராஜகேசரியோடு ஒக்கும்’ என்று பொறித்ததும் இவ்வகைக் குறிப்புத்தான்.