டன் கணக்கும் வீட்டு வாசலும்: குப்பை ஒப்பந்தங்களில் புனே காட்டிய வழி

குப்பை அள்ளும் பணியில் மாநகராட்சி வெளியாரைச் சேர்த்துக்கொள்ளும் போதெல்லாம், அவர்கள் தனியாரா, தொண்டு நிறுவனமா, தொழிலாளர் சங்கமா என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. அதைவிட அடிப்படையான கேள்வி, பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பது. சென்னையில் 2000இல் சில மண்டலங்கள் ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, அள்ளிய குப்பைக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது. தெருக்கள் சுத்தமாயின, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எடைக்குப் பணம் என்றால், தரம் பிரிப்பது நஷ்டம். பிரித்தெடுக்கும் ஒவ்வொரு கிலோவும் பில்லில் குறையும்.

புனே வேறு வழியில் போனது.

அங்கே தெருத்தொட்டிகளைக் கிளறிப் பிழைத்த பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ என்ற சங்கத்தில் திரண்டார்கள். மாநகராட்சி ஏற்றுக்கொண்ட அடையாள அட்டையே சங்கத்தின் முதல் பெரிய வெற்றி. அட்டை இருந்தால் போலீஸ்காரர் திருடி என்று விரட்ட முடியாது. வீடு வீடாகக் குப்பை வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகள் சொன்னதும் புதிய ஆபத்து வந்தது: தொட்டி போனால் பிழைப்பும் போகும். அந்த வேலையை எங்களுக்கே கொடுங்கள் என்று சங்கம் கேட்டது. அப்படிப் பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்போடு மாநகராட்சி 2008இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது.

ஏற்பாடு எளிமையானது. மாதக் கட்டணத்தை வீட்டுக்காரர்கள் பணியாளர் கையிலேயே தருகிறார்கள். தள்ளுவண்டி, கையுறை, நிர்வாகச் செலவு மாநகராட்சியின் பொறுப்பு. மக்காத குப்பையில் விலைபோவதெல்லாம் பணியாளருக்கே சொந்தம். அதனால்தான் பால் கவரைத் தனியாக, அட்டைப்பெட்டியைத் தனியாக, தண்ணீர் பாட்டிலைத் தனியாக அவர் பிரித்துக் கட்டுகிறார். பழைய பொருள் கடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. மேற்பார்வையாளர் யாரும் நின்று மிரட்ட வேண்டியதில்லை.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. கட்டணம் தர மறுக்கும் வீட்டின் சுமை பணியாளர் தலையில் விழுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமோ ஓய்வூதியமோ இவருக்கு இல்லை. தன் கடமையை மாநகராட்சி மலிவாகக் கைகழுவுகிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் பதற்றமும் வருகிறது. 2020 இறுதியில் புதுப்பிப்பு இழுபட்டபோது பெண்கள் மீண்டும் போராட வேண்டியிருந்தது.

ஆனாலும் இந்தக் கூட்டில் பணியாளர்கள் குரலோடு இருக்கிறார்கள். பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களை வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருந்த அவலத்தை எதிர்த்து, 2013இல் அவற்றை மூட்டைகட்டி உற்பத்தி நிறுவனங்களுக்கே அனுப்பினார்கள். அவற்றைச் சுற்றிக் கொடுக்க உறை தருவது உற்பத்தியாளர் பொறுப்பு என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் பின்னர் வகுத்தன.

இந்த முறையைப் பின்பற்ற நினைக்கும் நகரங்கள் கட்டண நிலுவையை ஈடுகட்டும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே தம் மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும். வார்டுக்கு ஒரு தரம் பிரிக்கும் கொட்டகைக்கு இடமும் எழுதித்தர வேண்டும். குப்பையை ஊருக்கு வெளியே தள்ளுவது தீர்வல்ல: புனேயின் குப்பை பல்லாண்டு உருளி தேவாச்சி கிராமத்தில் கொட்டப்பட்டு, ஊரார் லாரிகளை மறித்தார்கள். ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் கிடங்கு தேடும் மாநகராட்சிகள், வார்டுக்குள் ஒரு கொட்டகைக்கு மட்டும் இடமில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.