வடிவமும் சூழலும்: கிரமிசிடின் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மூலக்கூறு ஒன்றின் வடிவத்தை அதற்கே உரிய மாறாப் பண்பாகக் கருதுவது எளிது. கிரமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பற்றிய ஆய்வின் வரலாறு இக்கருத்தை எவ்வாறு கேள்விக்குள்ளாக்கியது என்பதை ஈண்டு நோக்குவோம்.

1939 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் ரெனே டூபோ, மண்ணில் வாழும் பக்டீரியா ஒன்றிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லிப் பொருளொன்றைப் பெற்றார். அதன் கூறுகளுள் ஒன்றே கிரமிசிடின். புறப்புண்களுக்கு அது மருந்தாயிற்று. ஆயினும், செங்குருதிக் கலங்களையும் சிதைத்தமையால் அதனைக் குருதியினுட் செலுத்த இயலவில்லை. பக்டீரியாவின் மென்சவ்வை ஊறுபடுத்தும் ஆற்றலே மனிதக் கலத்துக்கும் கேடாயிற்று. எனவே மென்சவ்வினுள் அது கொள்ளும் வடிவம் யாது என்னும் வினா மருத்துவத்தோடும் தொடர்புடையதாகும்.

கிரமிசிடினின் 15 அமினோ அமிலங்களின் ஒழுங்கை 1965 இல் சார்ஜசும் விற்கொப்பும் வெளியிட்டனர். 1971 இல் உரி என்பார், இரு மூலக்கூறுகள் தலையோடு தலை பொருந்தி, மென்சவ்வை ஊடறுக்கும் ஒற்றைச் சுருளிக் குழாயாக அமைகின்றன என்றார். அக்குழாயினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கோடி அயன்கள் செல்லக்கூடும். 1974 இல் வீச், புளவுட் முதலியோர் கரைசல்களைச் செங்கீழ்க் கதிர், கருக் காந்தப் பரிவு முதலிய நிறமாலை முறைகளால் ஆராய்ந்து, ஒரே பொருள் பல வடிவங்களில் நிலவுவதைக் காட்டினர். இரு இழைகள் ஒன்றையொன்று பின்னிய இரட்டைச் சுருளிகள் அவற்றுட் சில.

இவற்றுள் மென்சவ்வில் தொழிற்படும் வடிவம் எது? 1985 இல் மொஸ்கோவில் அர்செனியேவ் குழுவினர், மென்சவ்வை ஒத்த சவர்க்காரத் திரள்களில் கிரமிசிடினை வைத்து ஆராய்ந்து, வலஞ்சுழி ஒற்றைச் சுருளியைக் கண்டனர். 1988 இல் வெளிவந்த இரு பளிங்கு ஆய்வுகளோ இரட்டைச் சுருளியையே காட்டின. விவாதம் மூண்டது. நைதரசன்-15 அணுக்களைச் சேர்த்த கிரமிசிடினை, ஒரே திசையில் ஒழுங்குபடுத்திய கொழுப்புப் படலங்களினுள் வைத்துத் திண்மநிலைக் கருக் காந்தப் பரிவினால் ஆராய்ந்த குறொஸ் குழுவினர், 1993 இல் வலஞ்சுழி ஒற்றைச் சுருளியை உறுதிப்படுத்தினர். வல்லரசுப் பகைமை நிலவிய காலத்து மொஸ்கோவின் முடிவு, அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் சோதனையால் வலுப்பெற்றமை மனங்கொளத்தக்கது. 1998 இல் இரட்டைச் சுருளிக் கொள்கை மீண்டும் எழுந்தபோதும், மென்சவ்வுச் சான்றுகளின் முன் அது நிலைபெறவில்லை.

பளிங்கு ஆய்வுகள் பிழையானவை எனக் கூறுதல் பொருந்தாது. மதுசாரக் கரைசலிலிருந்து படிந்த பொருளின் வடிவத்தை அவை செம்மையாகவே காட்டின. அவ்வடிவத்தை மென்சவ்வுக்கும் உரியதாகக் கொண்டதிலேயே தவறு நேர்ந்தது. பொருளை அது தொழிற்படும் சூழலிலேயே வைத்து ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. பக்டீரியாவை அழித்து மனிதக் கலத்தைக் காக்கும் மருந்தை ஆக்க முனைவோர்க்கு இது இன்றியமையாத பாடமாகும்.