ஈடேல் ஊரின் ஒற்றையடிப் பாதைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்குச் செல்லும் அயலார் வியப்புறும் காட்சி ஒன்றுண்டு. கல்வேலியிட்ட புல்வெளியில் ஆடுகள் மேய்கின்றன. அந்நிலம் இன்னாருக்கு உரியதென்பதை ஊரார் அறிவர். ஆயினும் தாயும் தந்தையும் பிள்ளைகளுமாய் ஒரு குடும்பம் வேலியின் ஏறுபடியில் ஏறி இறங்கி அந்நிலத்தின் நடுவே நடந்து செல்கிறது. அவர்கள் எவரிடமும் இசைவு கேட்பதில்லை. கட்டணம் தருவதும் இல்லை. நிலத்துக்குரியவர் எதிரே நின்றாலும் தடுப்பதில்லை. தடுக்கச் சட்டம் இடந்தராது. மண் அவருடையது, வழி மக்களுடையது.

இங்கிலாந்திலும் வேல்சிலுமாக இத்தகைய பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளம் உள்ளன. இன்று அவை பெரும்பாலும் ஓய்வுநாள் உலாவுக்குப் பயன்படுகின்றன. அதனால், உலாவுக்கென்றே எவரோ அமைத்துக் கொடுத்தவை அவை என்று கருதுவாரும் உளர். அக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. அவை உழைப்போரின் காலடியில் பிறந்தவை; வழக்காடியும் சிறை சென்றும் காக்கப்பட்டவை. இதனை விளங்கிக்கொள்ள ஓர் ஊரின் வரலாற்றை நோக்குவோம். மான்செஸ்டர், ஷெபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கும் இடையே, டார்பிசயரின் வடபகுதி மலைகளுக்குள் அமைந்த ஈடேல் என்பதே அவ்வூர்.

சவமும் சரக்கும் சென்ற வழி

ஈடேல் என்பது நோ என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு. அதிலுள்ள ஐந்து குடியிருப்புகளின் பெயர்களும் ‘பூத்’ என்றே முடிகின்றன. மந்தை மேய்ப்போர் தங்கிய குடில் என்பது அச்சொல்லின் பொருள். அக்குடில்களே நாளடைவில் ஊர்களாயின.

பள்ளத்தாக்கின் தென்புறம் மாம் டார் என்னும் 517 மீட்டர் உயரக் குன்றிலிருந்து நீண்ட முகடு ஒன்று ஓடுகிறது. அம்முகட்டின் தாழ்ந்த இடம் ஹாலின்ஸ் கிராஸ். சிறுவரும் ஏறத்தக்க ஏற்றமாதலின், ஈடேலுக்கு வரும் குடும்பங்கள் பல முதலில் நாடுவது இவ்விடத்தையே. மேலேறி நின்றால் ஒருபுறம் ஈடேலும் மறுபுறம் காசில்டன் ஊரும் தெரியும். பிள்ளைகள் ஓடியாடி ஏறும் இதே வழியில்தான் முற்காலத்தில் ஈடேல் மக்கள் இறந்தோரைத் தோளில் சுமந்து சென்றனர். ஊருக்கெனத் தனி ஆலயம் 1634-இல் ஏற்படும்வரை, நல்லடக்கத்துக்குக் காசில்டன் கோயிலுக்கே செல்ல வேண்டியிருந்தது. மழையாயினும் பனியாயினும் வேறு வழியில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈடேலில் பஞ்சாலை ஒன்று எழுந்தது. அப்போது சவம் சென்ற வழியே வேலைக்குச் செல்லும் வழியாகவும் ஆயிற்று. காசில்டன் பெண்கள் முகட்டைக் கடந்து வந்து ஆலையில் வேலை செய்து, மீண்டும் முகட்டைக் கடந்து வீடு திரும்பினர்.

பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் ‘யாக்கோபின் ஏணி’ என்னும் செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. திருமறையில் வரும் யாக்கோபு கண்ட ஏணியை இப்பெயர் நினைவூட்டும். ஆனால் இதற்குரிய யாக்கோபு இவ்வூர்க் குடியானவர். பொதிக்குதிரை வணிகர் மலை கடந்து சரக்குக் கொண்டுசென்ற பாதையில், 18-ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் மார்ஷல் என்பவர் வாழ்ந்தார். குதிரைகள் வளைந்து வளைந்து ஏறும்போது தாம் நேரே ஏறுவதற்காக அவர் படிகள் வெட்டினார் என்பர். அவர் பெயர் அவ்வேற்றத்துக்கு நிலைத்துவிட்டது.

வழிகள் அடைபட்ட காலம்

ஊர்ப்பொதுவாயிருந்த மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்கள், 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேல் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர்; இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மிகுதி. நிலம் அடைபடவே, அதன் ஊடே சென்ற வழிகள் பலவும் மறைந்தன.

1815-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துன்பத்தைப் பெருக்கிற்று. ‘தேவையற்ற வழி’ என்று நீதிபதிகள் இருவர் கருதினால் அதனை மூடிவிடலாம் என அது விதித்தது. அந்நாளில் நாட்டுப்புற நீதிபதிகள் பெரும்பாலும் நிலக்கிழார்களே. வழியால் இடையூறு உற்றவர் கையிலேயே அதை மூடும் அதிகாரமும் சேர்ந்தது.

இதனை எதிர்த்து நகரத்தார் கிளர்ந்தனர். பழைய பாதைகளைக் காக்க 1824-இல் யார்க் நகரிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் சங்கங்கள் தோன்றின. ஆறு நாளும் ஆலைப்புகையில் உழன்றோருக்கு, ஏழாம் நாள் நடக்கக் கிடைத்த வயல்வழி எளிய பொருளன்று. 1894-இல் ஈடேலுக்கு இரயில் வந்தது. அதே ஆண்டில் வடபகுதிப் பாதைகளைக் காக்கும் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. ஹேபீல்டு என்னும் அண்டையூரிலிருந்து செல்லும் ‘ஸ்நேக்’ பாதையை அச்சங்கத்தார் 1897-இல் மீட்டுத் திறந்தனர்.

கிண்டர் மேடு

ஈடேலுக்கு வடக்கே ஓங்கி நிற்பது கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர். அம்மேடு காட்டுப் பறவை வேட்டைக்கென ஒதுக்கப்பட்டுக் காவலரால் காக்கப்பட்டது. 1932 ஏப்ரல் 24, ஞாயிறன்று ஏறத்தாழ நானூறு பேர் ஹேபீல்டிலிருந்து தடையை மீறி மேடேறினர். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. ஷெபீல்டு இளைஞர் ஒரு குழுவினர் ஈடேல் வழியாக வந்து அவர்களுடன் சேர்ந்தனர். காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. அறுவர் கைதாயினர், ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியே நடையுரிமை முழுவதையும் பெற்றுத் தந்தது என்று பலர் கூறுவர். அது ஓரளவே உண்மை. நடைப்பயணச் சங்கத்தாரின் கூட்டமைப்பே அந்நாளில் இச்செயலை எதிர்த்தது. மேலும் ஈண்டு இரண்டு உரிமைகள் உள என்பதை மறத்தலாகாது. கோடுபோல் செல்லும் பாதையில் நடக்கும் உரிமை ஒன்று. மேட்டுநிலம் எங்கணும் விரும்பியவாறு உலவும் உரிமை மற்றொன்று. கிண்டரில் கேட்கப்பட்டது இரண்டாவது. அது பரந்த அளவில் சட்டமானது 2000-ஆம் ஆண்டில்தான். சிறை சென்றோரின் வேட்கை நிறைவேற அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 2002-இல், அந்நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு விழாவில், டெவன்ஷையர் கோமகன் தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

நடப்பதே சான்று

முதலாவதான பாதையுரிமையோ பழமையானது. ஒருகால் பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1932-இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் அதற்கு அளவுகோல் தந்தது. இருபது ஆண்டுகள் இடைவிடாது மக்கள் ஒரு பாதையில் வெளிப்படையாக நடந்தால் அது பொதுவழி எனக் கொள்ளப்படும். வலிந்து புகுந்திருத்தல் கூடாது. ஒளிந்து சென்றிருத்தல் கூடாது. இசைவு பெற்றும் சென்றிருத்தல் கூடாது. இம்மூன்றாவது விதி வியப்பூட்டும். இசைவு கேட்பவன், மறுக்கும் அதிகாரம் உரியவருக்கு உண்டென ஒப்புக்கொள்கிறான். அங்கே உரிமை பிறவாது. இதனாலேயே நிலத்துக்குரியோர் சிலர், தாம் விட்ட வழி பொதுவழியாகாதிருக்க, ஆண்டில் ஒரு நாள் வாயிலை மூடிவைக்கும் வழக்கம் எழுந்தது.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவழிகளை வரைபடத்தில் பதியுமாறு மாவட்ட மன்றங்களுக்குக் கட்டளையிட்டது. அச்சட்டத்தின்படி 1951-இல் அமைந்த முதல் தேசியப் பூங்காவில் ஈடேலும் அடங்கியது. ஸ்காட்லாந்து எல்லைவரை 268 மைல் செல்லும் பென்னைன் நெடும்பாதையும் 1965-இல் ஈடேலைத் தலைவாயிலாகக் கொண்டு திறக்கப்பட்டது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழவர் உழலாம்; ஆனால் பதினான்கு நாளுக்குள் சீர்ப்படுத்தித் தர வேண்டும் என்பது இன்றைய சட்டம்.

எனினும் பதிவேறாத பழவழிகள் எஞ்சின. அவற்றைப் பதிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026-ஐ இறுதிக் கெடுவாக வைத்தது; பின்னர் அது 2031-க்குத் தள்ளப்பட்டது. அக்கெடுவையே நீக்குவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. முன்னோர் நூற்றாண்டுக்கணக்கில் நடந்த வழியும், தாளில் கோடாக ஏறாவிடின் மறைந்துபோகும் நிலை வந்ததை இது காட்டுகிறது.

இன்று கேடு எதிர்ப்புறத்திலிருந்தும் வருகிறது. திரளாக நடப்போரின் காலடியாலேயே மேட்டுநிலத்தின் கரிய ஈரமண் கரைகிறது. அதைத் தடுக்க, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தளக்கற்களைக் கொணர்ந்து பென்னைன் பாதையில் பல இடங்களில் பாவியிருக்கின்றனர். தொழிலாளர் நாளெல்லாம் நின்று தேய்த்த கற்கள்மேல் இன்று அவர்தம் கொள்ளுப்பேரர்கள் விடுமுறை நாளில் நடக்கிறார்கள்.

அரசர் அளித்த பட்டயமும் பிரபுக்கள் ஈந்த கொடையும் இவ்வழிகளுக்கு மூலமல்ல. சவம் சுமந்தோரும் சரக்கு ஏற்றினோரும் ஆலைக்குச் சென்ற பெண்களும் அடிமேல் அடி வைத்து ஆக்கிய உரிமை இது. இவ்வுரிமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பொன்னையும் பொருளையும் பூட்டிவைத்துக் காக்கலாம். வழியைப் பூட்டிவைத்துக் காக்க இயலாது. புல் மூடவிடாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் அதற்குக் காவல். ஹாலின்ஸ் கிராஸ் ஏறி இறங்கும் சிறுபிள்ளையும் அக்காவலில் ஒரு பங்கு ஏற்கிறது.