கண்ணாடிக்கு நம்பர் பார்த்தால் கண் பார்த்ததாகிவிடுமா?

என் அம்மா பத்து வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடையில் எழுத்துப் பலகையை வாசித்து, நம்பர் எடுத்து, புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். கடைசி வரி வரை வாசிக்க முடிந்ததால் கண் நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். படியில் கால் இடறியதையும், பக்கத்தில் வந்த சைக்கிளைக் காணாததையும் வயதின் மேல் போட்டுவிட்டோம். கண் வைத்தியரிடம் கூட்டிப்போன நாளில்தான் குளுக்கோமா என்று தெரிந்தது. பக்கப் பார்வையில் பெரும் பகுதி போயிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் வைத்தியர். பிறகு என்னைப் பார்த்து, "இது குடும்பத்தில வாறது. நீங்களும் சகோதரங்களும் ஒருக்கா வந்து காட்டுங்கோ" என்றார்.

அப்படித்தான் 46 வயதில் முதற்தடவையாக முழுமையான கண் பரிசோதனைக்குப் போனேன். அங்கே என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். ஆகவே ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதலில் கேள்விகள்

சலரோகம், பிரஷர், ஆஸ்துமா இருக்கிறதா, என்ன குளிசை எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்குக் கண் நோய் என்று கேட்பார்கள். இதைச் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட நாள் பாவித்தால் கண்ணின் அழுத்தம் கூடலாம், வெண்புரையும் வரலாம். குளுக்கோமாவுக்குக் கொடுக்கும் சில சொட்டு மருந்துகள் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

எழுத்துப் பலகை

நெதர்லாந்து வைத்தியர் ஸ்னெலன் 1862இல் உருவாக்கிய முறைதான் இன்றும் அடிப்படை. 6 மீற்றர் தூரத்திலிருந்து ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்க வேண்டும். அறை சிறிதென்றால் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து அந்தத் தூரத்தை உண்டாக்குவார்கள். 6/6 என்றால் இயல்பான பார்வை. 6/18 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 18 மீற்றரில் நின்று வாசிப்பதை நீங்கள் 6 மீற்றருக்குக் கிட்ட வந்துதான் வாசிக்கிறீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முக்கவர்க் குறியை நாலு பக்கமும் திருப்பிக் காட்டும் பலகை இருக்கிறது.

பிறகு ஒரு இயந்திரத்தில் நாடியை வைக்கச் சொல்வார்கள். உள்ளே தூரத்தில் ஒரு படம் தெரியும். அது கண்ணாடி நம்பரை ஏறத்தாழக் கணிக்கும். அதை வைத்துக்கொண்டு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு "இதுவா தெளிவு, அதுவா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அப்படியே சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒன்றைத் தெரிவு செய்தால் பிழையான கண்ணாடிதான் கிடைக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக்கான வாசிப்பு நம்பரும் இங்கேதான் பார்க்கப்படும்.

எம்மில் பலருக்குக் "கண் பார்ப்பது" என்பது இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் முடிந்தது. பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. குளுக்கோமா பெரும்பாலும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுவை விட்டுவைக்கும்.

ஓரப் பார்வையும் முன்பகுதியும்

வைத்தியர் எதிரே இருந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, பக்கத்தில் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பார். ரோச் வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா, இரு கண்ணும் சேர்ந்து அசைகின்றனவா என்றும் பார்ப்பார். அடுத்தது ஸ்லிட் லாம்ப் என்ற, ஒடுங்கிய ஒளிக்கீற்றோடு கூடிய நுணுக்குக்காட்டி. இமை, கருவிழியின் முன்னுள்ள தெளிவான படலம், வில்லை எல்லாம் அதில் பெருத்துத் தெரியும். வெண்புரை தொடங்கியிருந்தால் அகப்படும் இடம் இது.

அழுத்தம்

நான் பயந்தது இதற்குத்தான். விறைப்புச் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல ஒளியில் ஒரு சிறு கருவியைக் கண்ணில் மெல்லத் தொடுவார்கள். நோவு இல்லை. சில இடங்களில் காற்றை ஊதி அளப்பதும் உண்டு. வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். ஆனால் இந்த எண் மட்டும் போதாது. அழுத்தம் அளவோடு இருந்தும் குளுக்கோமா வரலாம். அதனால்தான் கண்ணின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு

முன்பகுதியையும் அழுத்தத்தையும் பார்த்த பிறகே இந்தச் சொட்டு விடுவார்கள். கொஞ்சம் எரியும். கண்மணி விரிய 20, 30 நிமிடம் செல்லும். பிறகு வைத்தியர் ஒளியையும் வில்லையையும் கொண்டு விழித்திரையைப் பார்ப்பார். ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் இதற்கான கருவியை அறிமுகப்படுத்தினார். அதன் பிறகுதான் உயிருள்ள மனிதனின் கண்ணின் உட்புறத்தை வைத்தியர்கள் தெளிவாகக் கண்டார்கள். உடலை வெட்டாமல் இரத்தக் குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் இது. சலரோகமும் பிரஷரும் செய்த சேதம் இங்கே தெரியும். பார்வை நரம்பின் தலையில் உள்ள குழிவு பெருத்திருந்தால் குளுக்கோமா என்று சந்தேகிப்பார்கள்.

சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டு திரும்பலாம் என்று போகாதீர்கள். கூட ஒருவரையும் ஒரு கறுப்புக் கண்ணாடியையும் கொண்டுபோங்கள்.

எங்கே, எப்போது?

யாழ். போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ கடிதம் வாங்கிக்கொண்டு போவது வசதி. காத்திருக்க வேண்டி வரும். அரை நாளை ஒதுக்கிவைத்துக்கொண்டு போங்கள்.

குறை ஒன்றும் தெரியாதவர்களும் 40 வயதில் ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். 65க்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முதியவர்களுக்கு வரும் வகைச் சலரோகம் என்றால், நோய் கண்டுபிடித்த உடனும் பிறகு வருடந்தோறும். பெற்றோருக்கோ சகோதரங்களுக்கோ குளுக்கோமா என்றால் நாற்பது வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்க்க முதலே காட்டுங்கள். ஒரு கண் சோம்பிப்போனால் சிறு வயதில் திருத்துவதுதான் இலகு.

வெளியே வருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் அழுத்தம் எவ்வளவு? பார்வை நரம்பு எப்படி இருக்கிறது? அடுத்து எப்போது வர வேண்டும்? மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. தமிழில் விளக்கம் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. பதில்களைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அழுத்தம் 21. நரம்பின் குழிவும் கொஞ்சம் சந்தேகம் என்று, ஓரப் பார்வையை அளக்கும் கொம்பியூட்டர் பரிசோதனைக்கும் விழித்திரை ஸ்கானுக்கும் அனுப்பினார்கள். இரண்டிலும் இப்போதைக்குச் சேதம் இல்லை. மருந்து வேண்டாம், வருடத்துக்கு ஒருக்கா வாருங்கள் என்றார்கள்.

தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். "எனக்கென்ன அக்கா, ஊசியில நூலே கோப்பன்" என்கிறான். அம்மாவும் கோர்த்துக்கொண்டுதான் இருந்தார்.