நெய் தொடாத சோறு

சென்ற ஆண்டு அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியானபோது, மருத்துவமனையில் ஓர் உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். வெள்ளைச் சோற்றைக் குறைக்க வேண்டும், சிறுதானியம் சேர்க்க வேண்டும், பொரித்ததைத் தவிர்க்க வேண்டும், நல்ல கொழுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேருந்தில் வரும்போது அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மிஞ்சுனதத் தின்ன வயிறு தாயி இது. நான் எதத் தேர்ந்தெடுத்தேன்?”

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் வகுப்புக்குப் போனேன். அன்று நடத்த வேண்டியிருந்தது புறநானூற்றின் 246ஆம் பாடல். பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த அவன் மனைவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பேசுவது. கைம்பெண் உண்ண வேண்டியதை அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: நெய் தொடாமல் கையால் பிழிந்த சோறு, அரைத்த எள், புளியிட்டு வெந்த வேளைக்கீரை. அடுத்து வரும் 248ஆம் பாடலில், கணவனை இழந்தவளுக்கு ஆம்பலில் விளையும் அல்லி அரிசிதான் உணவு. அதுவும் வேளை தப்பி.

பல ஆண்டுகளாக 246ஐ ஒரு பெண்ணின் மன உறுதி என்றே நடத்தி வந்திருக்கிறேன். அன்றுதான் அதை உணவுப் பட்டியலாக வாசித்தேன். நெய் இல்லை, சோறு குறைவு, எள் உண்டு, கீரை உண்டு. என் கைப்பையில் இருந்த தாளிலும் ஏறக்குறைய அதுவே இருந்தது. ஒன்று மருத்துவம், மற்றது தண்டனை. உணவு ஒன்றாகவே இருக்கலாம். யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் அது மருந்தாவதும் தண்டனையாவதும். கொழுப்பும் மாவுச்சத்தும் நம் வீடுகளில் சத்துகளாக மட்டும் இருந்ததில்லை. அவை பங்கீடாகவும் இருந்தன.

முதலில் சோறு. நெல்லைக் குத்தியது பெண்ணின் கை. சிலப்பதிகாரத்திலேயே உலக்கைப் பாட்டான வள்ளைப்பாட்டு இருக்கிறது. என் அம்மாச்சி விடியும் முன் பண்ணை வீட்டு உரலில் நெல் குத்தப் போவாள். கூலி நொய்யும் தவிடும். உலக்கை உமியை நீக்கும், தவிட்டில் ஒரு பகுதியை அரிசியிலேயே விட்டுவிடும். இயந்திரமோ தவிட்டையும் முளையையும் சேர்த்து வழித்தெடுத்துவிடும். நார்ச்சத்தும் நல்ல எண்ணெயும் தயமினும் அவற்றோடு போய்விடுகின்றன. மிஞ்சும் வெள்ளை அரிசி பெரும்பாலும் மாவுச்சத்துதான். சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் ஏறிவிடும்.

இதை இந்தியாவில் ஆராய்ந்தவர்கள் குன்னூரில் இருந்தார்கள். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஓர் அறையில் பிறந்த அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. அண்டாவில் நெல் அவித்து, களத்தில் பரப்பி, காலால் கிளறி உலர்த்திய பெண்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. வேலை தெரியும்.

1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசியையும் செக்கு எண்ணெயையும் முன்னிறுத்தியது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்குத்தலைக் காக்கும் நோக்கத்தோடு அரிசி ஆலைகளைக் கட்டுப்படுத்த 1958இல் சட்டமும் வந்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. குமரப்பாவின் பொருளாதாரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைக்குத்தல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய கை என்று கேட்கத் தோன்றுகிறது. ஊருக்கு ஆலை வந்த ஆண்டில் அம்மாச்சியின் தோள்வலி குறைந்தது. கூலியும் நின்றது. இரண்டையும் சேர்த்தே அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்து எண்ணெய். எங்கள் கரிசல் ஊரில் பெண்ணுக்குக் கணக்குப் பார்க்காமல் நல்லெண்ணெய் ஊற்றும் சமயங்கள் இரண்டு. பூப்பெய்தும்போது உளுந்தங்களியில், பிள்ளை பெற்றபின் பத்தியச் சாப்பாட்டில். கருப்பைக்குத் தேவைப்படும்போது கொழுப்பு வந்தது. மற்ற நாட்களில் தோசைக்கல்லில் எண்ணெய் ஆண்களின் தோசையைச் சுற்றித்தான் ஓடியது. அம்மாவின் தோசை கடைசித் தோசை. வடை சுட்டு மிஞ்சிய, கறுத்த எண்ணெயில் தனக்கு மட்டும் ஒரு வதக்கல் செய்துகொள்வாள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் தீய சேர்மங்கள் பெருகும் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது அது சிக்கனம், சிக்கனம் அவளுடைய பொறுப்பு.

கடைகளும் நமக்காகத் தேர்ந்தெடுத்தன. 1937இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. நெய் வாங்க முடியாத வீட்டுக்கு நெய்யின் கனவை விற்றது. அதோடு வந்த டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கும். அதை 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் விதி 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2007இலிருந்து நம் ரேஷன் கடைகளில் பாமாயில் கிடைக்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். நல்லெண்ணெயில் ஏறக்குறைய பதினைந்து, கடலை எண்ணெயில் இருபதுக்குள். விலையோ நேர்மாறு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணிடம் மரச்செக்கு எண்ணெய் வாங்கச் சொல்பவர்கள் அந்தப் போத்தலின் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரேஷன் அரிசியை நான் இழிவாகப் பேசமாட்டேன். 2011 முதல் விலையின்றிக் கிடைக்கும் அந்த அரிசி, எத்தனையோ பெண்களின் இரவுப் பட்டினியை முடித்தது. ஆனால் வயிற்றை அரிசி நிரப்பியதே தவிர, தட்டில் அதன் பக்கத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் போதிய அளவு வந்து சேரவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, 40.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடற்பருமன். ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே உடம்பில்.

2023 உலகச் சிறுதானிய ஆண்டு. அம்மா விட்டு வந்த கம்பும் வரகும் கண்ணாடிப் பொதியில் திரும்பி வந்தன. நல்லவைதான். நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம். ஆனாலும் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் செம்பு செம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அளவும் வேண்டும், கூட்டும் வேண்டும். இன்னொன்று, வரகின் உமி எளிதில் விடாது. கம்பை இடித்துப் புடைக்கப் பொழுது வேண்டும். பாரம்பரியத்துக்குத் திரும்புவோம் என்று மேடையில் பேசுபவர் வீட்டில் முறத்தை எடுப்பது யார்?

எங்கள் வீட்டில் செய்தது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. புழுங்கலரிசிச் சோறு தட்டில் கால் பங்கு. பாதித் தட்டு காய், கீரை. மிச்சம் பருப்போ சுண்டலோ மீனோ. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி, ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து. பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவதில்லை. நெய் ஒரு சிறு கரண்டி, அது அம்மாவுக்கும் உண்டு. கம்பை ஊறவைத்து இடிப்பது தம்பியின் வேலை. முதல் வாரம் முனகினான், இப்போது பக்குவம் சொல்லித் தருகிறான்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, எல்லோரும் ஒன்றாக உட்கார்வதுதான். முதல் தட்டை அம்மாவுக்குப் போட்டோம். அவள் கை வைக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாள். “எல்லாத்துக்கும் இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றான் தம்பி. இன்றைக்கும் பாதிச் சாப்பாட்டில் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.